குதிரைக்குச் செய்த பாலாடை

சாப்பிடும்போது யாருக்காவது புரை ஏறினால் நாம் என்ன செய்வோம்? உச்சந்தலையில் ரெண்டு தட்டு தட்டுவோம். "யாரோ உன்னை நெனைக்கிறாங்க" என்போம். இருமுகிறவரும் கண்ணில் நீர் முட்ட, யாராக இருக்கும் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்ப்பார். எந்தப் பெயருக்கு இருமல் நிற்கிறதோ அவர்தான் நினைத்தவர். நம் வயதுக்காரர்கள் எல்லோரும் இப்படித்தானே வளர்ந்தோம். எனக்கு இந்தப் பேச்சு ரொம்பப் பிடிக்கும். ஒரு சோற்றுப் பருக்கை தொண்டையில் தடம் மாறியதற்குக்கூடப் பிரியத்தைக் காரணம் சொல்லும் ஜனங்கள் நாம் என்று பெருமையாகக்கூட நினைத்திருக்கிறேன்.

இப்போது யாராவது அப்படிச் சொன்னால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விடுகிறேன். ஏன் என்று கேட்டால் ஒரு குதிரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். குதிரையைப் பற்றிச் சொன்னால் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. இறந்துபோனவரைப் பற்றி ஒரு குறை சொல்வதற்கு முன்னால் அவர் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்ததும் சேர்ந்து ஞாபகம் வருகிறது. வரட்டும். ரெண்டும் அவர்தான்.

விருத்தாசலத்தில் எங்கள் தெரு முழுக்கப் பீங்கான் பட்டறைகள். வாசலுக்கு வாசல் பலகை போட்டு, சுண்ண அச்சுகளை வெயிலில் காய வைத்திருப்பார்கள். காற்றடித்தால் வெள்ளைத் தூள் பறக்கும். கோழிகள்கூட வெள்ளைக் காலோடு திரியும். பள்ளிக்கூடத்துக்குக் கறுப்புத் தலையோடு கிளம்பி, தெருமுனை தாண்டுவதற்குள் நரைத்துப் போவோம். எங்கள் பட்டறையில் டீக்கோப்பை, ஊறுகாய் ஜாடி, கொலுவுக்கு வைக்கிற சின்னப் பொம்மை எல்லாம் வார்ப்பார்கள். பின்பக்கம் சூளை. சூளைக்கும் பின்னால் உடைந்த சில்லுகளின் மேடு. மழை பெய்தால் அந்த மேடு மட்டும் பளபளவென்று மின்னும். எங்களுக்கு அதுதான் மலை.

அப்பா நல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். களிமண்ணை நம்பி டவுனுக்கு வந்தாலும் மாட்டுக் கொட்டகைப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. தெருவில் யார் வீட்டு மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். மூங்கில் குழாயில் கஷாயத்தை நிரப்பி, மாட்டின் மூக்கைப் பிடித்துத் தலையை அண்ணாந்து நிமிர்த்தி, கடைவாயில் குழாயைச் செருகி ஒரே ஊற்று. ஒரு சொட்டு கீழே சிந்தாது. "நல்லூராரு கை பட்டா மாடு மறுநாளே அசை போடும்" என்று சொல்லுவார்கள். அப்பா அதைக் காதில் வாங்காதவர் மாதிரி மீசையைத் துடைத்துக்கொள்வார். பட்டறையில் அவர் வார்த்த கோப்பையை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை. அதனால் இந்தப் புகழ் அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ருசித்தது என்று இப்போது தோன்றுகிறது.

அத்தை, அப்பாவின் தங்கை. கல்யாணமாகிப் போன வேகத்தில் தாலியறுத்துத் திரும்பி வந்தவள். புகுந்த வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு இருப்பிடம் என்று எங்கள் வீடு ஒன்றுதான். இது தெருவில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரையும்விட அத்தைக்கு நன்றாகத் தெரியும். காலையில் முதல் ஆளாக எழுந்து கடைசி ஆளாகச் சாப்பிடுவாள். பட்டறையில் அவளுக்குக் கோடு தேய்க்கிற வேலை. அச்சிலிருந்து எடுத்த பச்சைக் கோப்பையில் ரெண்டு பாதி சேர்ந்த இடத்தில் ஒரு கோடு தெரியுமே, அதை ஈரப் பஞ்சால் தடவித் தடவி இல்லாமல் ஆக்க வேண்டும். நாள் முழுக்க ஈரத்தில் கிடந்து அவள் விரல் நுனிகள் சுருங்கிப்போயிருக்கும். அந்த விரலால் என் கன்னத்தைத் தொட்டால் சில்லென்று இருக்கும்.

எங்களை ஒட்டிய வீட்டில் அம்மாவின் தம்பி, என் மாமா. அவரிடம் ஒரு குதிரை வண்டி. பட்டறைகளில் வைக்கோல் சுற்றி அடுக்கிய பெட்டிகளை ஜங்ஷனுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். ரயில் நேரத்தில் ஆள் ஏற்றுவார். குதிரைக்குச் செவலை என்று பெயர். பழுத்த புளியம்பழ நிறம். மாமாவுக்குச் சொத்து, தொழில், பெருமை எல்லாம் அதுதான். இன்னும் கல்யாணம் ஆகாத ஆள் என்பதால் "செவலையத்தான் மொதல்ல பொண்ணு பாக்க அனுப்பணும்" என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். கையில் மரு வந்த பிள்ளைகள் செவலையின் வால் முடி கேட்டு வந்து நிற்கும். மருவைச் சுற்றிக் கட்டினால் உதிர்ந்துவிடுமாம். மாமா கணக்குப் பார்த்துத்தான் கொடுப்பார். "எல்லாத்துக்கும் புடுங்கிக் குடுத்தா நாளைக்கு ஈ ஓட்டுறதுக்கு எங்க போவும் அது?"

செவலைக்கு அத்தை என்றால் உயிர். அவள் பட்டறையிலிருந்து வரும் சத்தம் கேட்டாலே காதை முன்னால் நீட்டும். ஈரக் கையோடு போய் அதன் கழுத்தைத் தட்டிக்கொடுப்பாள். களிமண் காய்ந்து, சிவப்புத் தோலில் அவளுடைய ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருக்கும். அந்தக் கை அடையாளத்தோடுதான் செவலை ஜங்ஷனுக்குப் போய்வரும். "காங்கிரஸு சின்னத்தப் போட்டு வுட்டுட்டியே, வண்டிய எந்தக் கட்சியில சேக்குறது நானு?" என்று மாமா ஒரு தேர்தல் சமயத்தில் கத்தினார். அத்தை சிரித்து நான் பார்த்தது ரொம்பக் குறைவு. அன்றைக்குச் சிரித்தாள்.

வெயில் காலத்தில் ஒரு நாள் செவலைக்கு வயிற்றுவலி வந்தது. மண்ணில் விழுந்து புரண்டது. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. மாட்டாஸ்பத்திரியிலிருந்து ஒரு பாட்டில் மருந்து வந்தது. அப்பா மூங்கில் குழாயை எடுத்துக்கொண்டு வந்தார். குழாய் வாய்க்குள் போனதும் செவலை கடித்த கடியில் மூங்கில் ரெண்டாகப் பிளந்தது. மருந்து முழுக்க அப்பாவின் மீசையில், சட்டையில். தெருவே சிரித்தது.

"இன்னா நல்லூராரே, மருந்து ஒங்களுக்கா குதிரைக்கா?"

"எனக்குத்தான் வவுத்து வலி, போய்யா" என்றார் அப்பா. ஆனால் முகம் கறுத்துவிட்டது. அவர் கை தோற்று யாரும் பார்த்ததில்லை. மாமா செவலையை நடத்திக்கொண்டே இருந்தார். ஆற்றங்கரை வரை போய்த் திரும்பி வருவதற்குள் அது சாணம் போட்டு, தானாகவே சரியாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அத்தை அந்தப் பாலாடையைச் செய்தாள். பிள்ளைகளுக்குப் பால் புகட்டுவோமே, மூக்கு வைத்த சின்னக் கிண்ணி, அதே வடிவம். ஆனால் நெல் அளக்கிற படி அளவுக்குப் பெரியது. அச்சு இல்லை, சக்கரம் இல்லை. மிச்ச மண்ணைப் பிசைந்து கையாலேயே வளைத்தாள். குதிரை கடித்தாலும் உடையக் கூடாது என்று மூக்கைத் தடிமனாக வைத்து, பல்லில் இடிக்காமல் இருக்க முனையை வழவழவென்று தேய்த்தாள். கோப்பைகளோடு சூளையில் ஏற்றி இறக்கினார்கள். பால் வெள்ளையில், லேசாக ஒரு பக்கம் சாய்ந்து, பார்க்க ஒரு வாத்து மாதிரி இருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் வந்து எடுத்துப் பார்த்தார்கள்.

"எம்மாடி, இதுல குடிக்கிற புள்ளய பெத்தவ எவ?"

"பல்லு மொளச்ச புள்ளயாமே. நாலு காலுல தவழுதாம்."

அத்தை அதைச் செவலையின் கொட்டகையில் உறி கட்டித் தொங்கவிட்டாள். காற்றில் அது மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் அவள் தனக்கென்று செய்து வைத்த ஒரே பொருள் அதுதான். அதுவும் ஒரு குதிரைக்கு.

மழைக்காலம் வந்தது. ஒரு காலையில் செவலை ஊறவைத்த கொள்ளு தின்றுகொண்டிருந்தது. கொள்ளு வாசனையும் ஈரச் சாணி வாசனையும் சூளைப் புகையும் கலந்து கொட்டகை கதகதப்பாக இருந்தது. அத்தை தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அம்மா தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கமாகப் போனாள்.

"எவ்ளோ அழகா திங்கிது பாருங்க அண்ணி. பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்குது."

அம்மா சட்டென்று நின்றாள். "திங்கிறத பாத்து அப்படிச் சொல்லாத புள்ள" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அத்தையும் நாக்கைக் கடித்துக்கொண்டு, தரையில் மூன்று தரம் துப்புவது போல் செய்தாள். அவ்வளவுதான். எல்லார் வீட்டிலும் நடப்பதுதான்.

சாயங்காலம் செவலைக்கு மறுபடி வயிறு உப்பியது.

மாமா ஓடிப்போய் மருந்து வாங்கி வந்தார். எண்ணெய் போல வழவழப்பாக, மூக்கைத் துளைக்கும் வாடையோடு இருந்தது. போன தடவை சிரித்தவர்கள் எல்லோரும் வந்து கூடிவிட்டார்கள். அப்பா சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். உத்தரத்தின் மேலே கயிற்றைப் போட்டு, செவலையின் தலைக் கயிற்றோடு முடிந்து, "இழு மாப்ள" என்றார். மாமா இழுத்தார். செவலையின் தலை மேலே மேலே போய், மோவாய் வானத்தைப் பார்த்தது. கண்ணின் வெள்ளை தெரிந்தது. அத்தை பாலாடையை நீட்டினாள். அப்பா அதன் மூக்கைக் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் இருக்கும் இடைவெளியில் செருகிச் சாய்த்தார்.

செவலை கடிக்கவில்லை. கொஞ்சம் விழுங்கியது. பிறகு இருமியது. குதிரை இருமி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? வயிற்றிலிருந்து ஒரு பீப்பாய் உருளுவது போல வரும். அப்பா ஒரு நிமிஷம் நிறுத்தினார்.

கூட்டத்தில் யாரோ சொன்னார்கள், "பொறை ஏறுது நல்லூராரே. யாரோ நெனைக்கிறாங்க அத."

எல்லோரும் சிரித்தார்கள். மாமா கயிற்றைப் பிடித்தபடியே ஒரு கையால் செவலையின் உச்சந்தலையைத் தட்டினார். "யார்ரா உன்னை நெனைக்கிறது? ஜங்ஷன் டீக்கடக்காரனா? வெல்லம் குடுப்பானே, அவனா?"

"மங்கலம்பேட்ட பாய் வூட்டு வெள்ளக் குதிரையா இருக்கும்" என்றது ஒரு குரல். "போன மாசமே ரெண்டும் கண்ணால பேசிக்கிச்சு."

அந்தப் பெயருக்கு இருமல் கொஞ்சம் அடங்கியது. மறுபடி சிரிப்பு. "பாத்தியா, அதேதான்!" அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தலையை இன்னும் கொஞ்சம் தூக்கச் சொல்லி, மீதி மருந்தையும் ஊற்றி முடித்தார். செவலை மறுபடி மறுபடி இருமியது. ஒவ்வொரு இருமலுக்கும் ஒரு பெயர் சொன்னோம். எவ்வளவு சந்தோஷமான சாயங்காலம் அது. ஒரு சொட்டு சிந்தவில்லை. அப்பா மீசையைத் துடைத்துக்கொண்டார்.

வயிறு சரியாகிவிட்டது. அடுத்த நாள் சாணம் போட்டது. ஆனால் கொள்ளைத் தொடவில்லை. அதற்கடுத்த நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. விலா எலும்புகள் துருத்தி போல் ஏறி இறங்கின. மூக்கிலிருந்து பழுப்பாக ஒரு நீர் வழிந்தது, கெட்ட வாடையோடு. அத்தை வெந்நீரில் துணி நனைத்து அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். வேலைக்குக்கூடப் போகவில்லை. அவளுடைய கை அதன் கழுத்திலேயே இருந்தது.

மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் சைக்கிளில் மழையோடு வந்தார். அப்போது மாமா புல்லுக்குப் போயிருந்தார். அம்மாவும், வெந்நீர் எடுக்கப் போன அத்தையும் வீட்டுக்குள் இருந்தார்கள். கொட்டகையில் அப்பா, கம்பவுண்டர், அவர் கை கழுவச் சொம்புத் தண்ணீரோடு நான். கம்பவுண்டர் செவலையின் விலாவில் காதை வைத்து ரொம்ப நேரம் கேட்டார்.

"பொறை ஏறியிருக்குதுங்க. மருந்து கொடலுக்குப் போவாம நெஞ்சுக்குள்ள போயிட்டுது. யாரு ஊத்துனது?"

அப்பா மீசையில் கை வைத்தார். பிறகு, "நாந்தான்" என்றார்.

"தலைய எவ்ளோ தூக்குனீங்க?"

அப்பா உத்தரத்தைப் பார்த்தார். அந்தக் கயிறு இன்னும் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. கம்பவுண்டர் 'ச்சு' கொட்டினார். "மாட்டுக்கே பாத்து ஊத்தணும். இருமுனா நிறுத்திப்புடணுங்க. இதுக்கு மேல ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல" என்று கையைக் கழுவினார். சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றும்போது அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரியவே இல்லை.

எனக்கு அந்தப் பேச்சில் புரிந்தது ஒன்றே ஒன்று. புரை ஏறியிருக்கிறது. அப்படியானால் செவலையை யாரோ நினைக்கிறார்கள். ரெண்டு நாளாக விடாமல் நினைக்கிறார்கள். அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் அப்படியே சொன்னேன்.

"பொறை ஏறியிருக்குதுன்னு கம்பவுண்டரு சொன்னாரும்மா. யாரும்மா அதயே நெனச்சுக்கிட்டு இருக்கறது?"

அம்மாவின் கரண்டி நின்றது. அவள் கெட்டவள் இல்லை. இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். கண்ணெதிரே தம்பியின் பிழைப்பு சாய்ந்து கிடக்கிறது. அதற்கு ஒரு காரணம் வேண்டும். கையெட்டும் தூரத்தில் ஒரு காரணம் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தது.

அன்று மத்தியானம் அம்மா காய்ந்த மிளகாயும் கல்லுப்பும் எடுத்துச் செவலைக்குச் சுற்றினாள். அடுப்பில் போட விறகு ஈரம். பட்டறைச் சூளை அன்றைக்கு எரிந்துகொண்டிருந்தது. "சூளையிலயே போட்டுடலாம்" என்றாள். எல்லோரும் பின்னாலேயே போனோம். தீவாயைத் திறந்துவிட்டது அப்பாதான். அம்மா மிளகாயை உள்ளே வீசினாள். எல்லோரும் மூச்சை இழுத்துப் பார்த்தார்கள். நெடியே இல்லை. ஒருவருக்கும் தும்மல் வரவில்லை.

நமக்கெல்லாம் தெரிந்த கணக்குதான். மிளகாய் கமறினால் கண்ணேறு இல்லை. கமறாமல் எரிந்தால் பெரிய கண் பட்டிருக்கிறது.

"இத்தன மொளகா போட்டும் ஒரு கமறல் இல்லியே" என்றாள் எதிர்வீட்டுக்காரி, மாரில் கை வைத்து. அம்மா அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். "அன்னிக்கே சொன்னனே... திங்கிறத பாத்துக் கண்ணு வெக்காதடின்னு." மாமா செவலையின் கழுத்தில் காய்ந்திருந்த வெள்ளைக் கையடையாளத்தைப் பார்த்தார். போய்த் தன் துண்டை நனைத்து, அதைத் தேய்த்துத் தேய்த்து அழித்தார்.

பெரிய புகைபோக்கி வைத்த சூளை அது. தீவாயில் எதைப் போட்டாலும் புகை, நெடி அத்தனையையும் உள்ளுக்கு இழுத்து மேலே அனுப்பிவிடும். இழுக்காவிட்டால் சூளையே எரியாது. இது அந்தத் தெருவில் சின்னப்பிள்ளை எனக்குக்கூடத் தெரியும். அங்கே நின்ற அத்தனை பேரும் சூளைச் சோறு தின்றவர்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் தோன்றாமல்கூட இருந்திருக்கலாம். அப்பாவுக்குத் தோன்றாமல் இருக்க முடியாது. அந்தப் புகைபோக்கியைக் கட்டியவரே அவர்தான்.

மறுநாள் விடிந்ததும் செவலை இறந்து கிடந்தது. அம்மா கொட்டகைக்குப் போய்ப் பாலாடையை உறியோடு அறுத்து, சூளைக்குப் பின்னால் சில்லு மேட்டில் வீசினாள். அது உடையவில்லை. மூக்கை மேலே தூக்கியபடி விழுந்தது. மழைத் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்ததைச் சில நாட்கள் போய்ப் பார்த்தேன். பிறகு புதுச் சில்லுகளைக் கொட்டி மூடிவிட்டார்கள். மாமா வண்டியை விற்றுவிட்டு, வேறு ஒருவரிடம் லாரியில் மூட்டை ஏற்றப் போனார்.

அத்தையைத் திட்டக்குடியில் ஒன்றுவிட்ட பெரியப்பா வீட்டுக்கு அனுப்புவதாக முடிவானது. சண்டை எதுவும் நடக்கவில்லை. "அங்கயும் ஆளு வேணுமாம்" என்று மட்டும் அம்மா சொன்னாள். பஸ் ஸ்டாண்டுக்கு அப்பாவோடு நானும் போனேன். அத்தையிடம் ஒரு துணிப்பை மட்டும். பஸ் கிளம்பும்போது என் கன்னத்தைத் தொடக் கையை நீட்டியவள், பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"போயிட்டு வரேண்ணே" என்றாள். அப்பா டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு யார் மாட்டைக் கொண்டுவந்தாலும் அப்பா மருந்து ஊற்றியதில்லை. "கை நடுங்குது, வேற ஆளப் பாருங்க" என்பார். கோப்பையில் வண்ணக் கோடு இழுக்கும்போது அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

இத்தனை வருஷமும் இது எனக்கு ஒரு குதிரை செத்த கதையாகத்தான் இருந்தது. போன வருஷம் என் வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் உட்கார்ந்து, பேரப்பிள்ளைக்கு வாங்கிய வெள்ளிப் பாலாடையால் கஞ்சி புகட்டினேன். அவர் தலையை என் கையால் தாங்கி, அண்ணாந்து நிமிர்த்தி, கடைவாயில் ஊற்றினேன். அவருக்கு இருமல் வந்தது. நான் உச்சந்தலையைத் தட்டி, "யாரோ நெனைக்கிறாங்க, பெரிய பொண்ணாத்தான் இருக்கும்" என்றேன்.

விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண், என் சின்னப் பொண்ணு வயதிருக்கும், ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டாள். "அம்மா! தலையத் தூக்கவே கூடாது. மோவாய நெஞ்சோட சேத்து வெச்சுக் குடுங்க. தூக்குனா நேரா நுரையீரலுக்குப் போயிடும். இருமுனா உடனே நிறுத்தணும். யாரு உங்களுக்கு இப்படி ஊத்தச் சொல்லிக் குடுத்தது?"

"எங்கப்பா" என்றேன். சொன்ன அந்த நொடியில் உத்தரம் தெரிந்தது. தொங்குகிற கயிறு தெரிந்தது. கம்பவுண்டர் சொன்னதும், அப்பாவின் முகமும், அவர் திறந்துவிட்ட தீவாயும் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கையில் பாலாடையோடு அந்த வார்டிலேயே உட்கார்ந்து அழுதேன். அந்தப் பெண், கணவருக்காக அழுகிறேன் என்று நினைத்து ஆறுதல் சொன்னாள்.

வீட்டுக்காரர் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் திட்டக்குடிக்குப் பஸ் ஏறினேன். அத்தை இன்னும் இருக்கிறாள். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், அவர் வீட்டில். போனபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். கூடத்தில் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை பின்கட்டில், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்பவும் இப்படித்தான்" என்றாள் அண்ணி. "புள்ளைங்க சாப்புடுறப்ப இந்தப் பக்கமே வராது. எங்க மூத்தவன் பொறந்தப்ப தூக்கிக் குடுத்தேன், மூஞ்சிய திருப்பிக்கிட்டுது. ஏதோ கோவம்னு மொதல்ல நெனச்சோம். கொணமே அப்படி போலன்னு அப்புறம் வுட்டுட்டோம்."

அத்தைக்கு என்னை அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னேன். உத்தரம், இருமல், கம்பவுண்டர், புகைபோக்கி. அத்தை சோற்றில் கையை வைத்தபடியே கேட்டாள். 

"அப்ப நான் இல்லியா?"

"நீ இல்ல அத்த."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

பஸ்ஸில் வரும்போதே இந்தக் கேள்விக்கு ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

"தெரியும்" என்றேன்.

அத்தை தலையை ஆட்டினாள். "வருசா வருசம் பொங்கலுக்குப் பொடவ எடுத்தாரும் அண்ணன். வாசல்லயே நின்னு குடுத்துட்டுப் போயிடும். ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போண்ணேன்னு எத்தினியோ தரம் கூப்புட்டுட்டேன். உள்ளயே வராது. நான் கண்ணு வெச்சுப்புடுவேன்னு பயப்படுதுன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

  அப்பாவுக்காக நான் வெட்கப்பட்டேன். அந்தத் தெருவுக்காக வெட்கப்பட்டேன். இத்தனை பொங்கலுக்கும் இந்த அத்தை இருக்கிறாள் என்பதைப் புடவைக் கட்டோடு மட்டும் நினைத்துக்கொண்ட எங்கள் வீட்டுக்காக வெட்கப்பட்டேன்.

அண்ணி எனக்கு இலை போட்டாள். அத்தை மெதுவாகச் சுவரிலிருந்து திரும்பி, என் பக்கமாக உட்கார்ந்தாள். முட்டியில் மோவாயை வைத்துக்கொண்டாள்.

"சாப்புடு. பாக்குறேன்" என்றாள்.

சாப்பிட்டேன். கத்திரிக்காய்க் குழம்பு. அவள் என் கையையும் வாயையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். செவலை கொள்ளு தின்றபோது தூணில் சாய்ந்து பார்த்த அதே முகம். அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு அடுத்த கவளத்தை வாயில் போட்டேன். விழுங்கியது தடம் மாறியது. இருமல் பிடுங்கிக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் கொட்டியது.

அண்ணி ஓடிவந்து என் உச்சந்தலையைத் தட்டினாள். "யாரோ நெனைக்கிறாங்க, யாரோ நெனைக்கிறாங்க."

ஒன்றுமில்லை என்று சொல்ல அத்தையின் பக்கம் கையை நீட்டினேன். அவள் அதற்குள் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டிருந்தாள். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"நான் பாக்கலம்மா" என்றாள் சுவரிடம். "நான் பாக்கவே இல்ல."